தோட்டம் போச்சு, விலாசம் இருக்கு

பத்து காஜா

மாரியம்மன் கோயிலின் மேல்வரிசையில் சாமி சிலைகளோடு ஒரு வெள்ளைக்காரரும் நிற்கிறார். வெள்ளை உடுப்பு, வெயில்தொப்பி. சென்னையிலிருந்து வந்தவர் கழுத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டு யார் அது என்று கேட்டால், கோயிலில் இருப்பவர்களிடமிருந்து தயக்கமே இல்லாமல் பதில் வருகிறது: "கோயில் கட்டிக் குடுத்த தொரை."

துரையின் பெயர் வில்லியம் கெல்லி ஸ்மித். ஸ்காட்லாந்தின் கெல்லாஸ் கிராமத்துக்காரர். 1890-ல் இருபது வயதில் மலாயாவுக்கு வந்தார். குத்தகை வேலையில் சம்பாதித்து, பத்து காஜா பக்கம் காட்டை அழித்து ரப்பர் நட்டார். 1915 வாக்கில் பழைய வீட்டை ஒட்டி ஒரு மாளிகை எழுப்பும் ஆசை பிறந்தது. சென்னை மாகாணத்திலிருந்து கொத்தனார்கள் கப்பலேறி வந்தார்கள். மின்தூக்கி ஏறி இறங்கக்கூடக் கூடு கட்டினார்கள். வேலை பாதியில் நிற்கும்போது விஷக்காய்ச்சல் வந்து ஆட்கள் மடிந்தார்கள். அம்மனுக்குக் கோயில் கட்டினால்தான் தீரும் என்று மிஞ்சியவர்கள் சொல்ல, துரை இறங்கி வந்தார். சிலை அந்த நன்றிக்கு. 1926-ல் அவர் லிஸ்பன் நகரில் நிமோனியாவில் இறந்துபோக, மாளிகை அரைகுறையாகவே நின்றுவிட்டது. சுற்றுலா வருகிறவர்கள் அங்கே பேய் தேடுகிறார்கள். கோயில் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. உண்மையில் கட்டி முடிக்கப்பட்டது கோயில்தான்.

வெளியே சாலையோரம் இளநீர் வெட்டுகிற பெரியவரின் மேசையில் ஒரு சின்ன வானொலி. சட்டைப்பை அளவுதான், ஏரியல் ஒடிந்து, அந்த இடத்தில் கம்பி சுற்றியிருக்கிறது. பழைய பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களைப் படிக்கிறார். பெயருக்குப் பின்னால் ஊர். ஊருக்கு முன்னால் பல சமயம் ஒரு தோட்டம். அந்தப் பட்டியல் போகும் நேரத்தில் பெரியவரின் கத்தி தேங்காய் மேல் இறங்காமல் காத்திருக்கிறது. தெரிந்த பெயர் வரவில்லை, கத்தி இறங்குகிறது.

ஈப்போ

ஈப்போவை நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக் குன்றுகள் வீடுகளுக்குப் பின்னாலிருந்து திடீர் திடீரென்று எழுந்து நிற்கின்றன. அடியில் குகை, குகைக்குள் சீனக் கோயில். குனோங் செரோ குன்றின் அடிவாரத்தில் கல்லுமலை சுப்பிரமணியர். தைப்பூசத்தன்று காவடிகள் வந்து சேருமிடம் அது. நகரத்துக்கு மேற்கே கிளேடாங் மலை, அதன் உச்சியில் ஒலிபரப்புக் கம்பங்கள். ஊரில் எங்கு நின்றாலும் தலை தூக்கினால் தெரியும்.

1917-ல் திறந்த ரயில் நிலையத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். லாஹாட் சாலையின் குட்டி இந்தியாவில் துணிக்கடை, பூக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை என்று சென்னைக்காரருக்குப் பழகிய காட்சிதான். பழகாதது காலைச் சாப்பாட்டு மேசை. "பசியாறிட்டீங்களா?" என்று அறிமுகமில்லாதவர் கேட்கிறார். இங்கே அதுதான் காலை வணக்கம். ரொட்டி சானாய்க்கு மீன் குழம்பு ஊற்றுகிறார்கள். தோசைக்கு மூன்று சட்னியோடு ஒரு சம்பாலும் வருகிறது. பக்கத்து மேசையில் சீனக் குடும்பம் கையால் தோசை பிய்த்துச் சாப்பிடுகிறது. மாவரைக்கும் இயந்திரத்தின் மேலே, விபூதி பூசிய சாமி படத்துக்குப் பக்கத்தில், வானொலி.

மலேசியாவில் தமிழ் ஒலிபரப்பு என்றால் முதலில் அரசு நிலையம். ரேடியோ மலாயா 1946 ஏப்ரல் 1-ல் தொடங்கியதிலிருந்தே மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழும் உண்டு. வெகுகாலம் அது 'வானொலி ஆறு'. 2005-ல் மின்னல் எஃப்.எம். ஆனது. ஐம்பதைத் தாண்டியவர்கள் பலருக்கு இன்னும் அது ஆறாம் எண்தான். தனியார் நிலையமான ராகா இளைஞர்களைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரே கடையில் காலை ஏழு மணிக்கு ஒன்று, கடைக்காரரின் மகன் வந்த பிறகு மற்றொன்று ஓடுவதும் உண்டு.

அந்தக் கடையின் நிரந்தர வாடிக்கையாளர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். எழுபதைத் தொட்டவர். மேசையில் கோப்பி ஓ, அருகில் பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சடித்த பள்ளிக்கூட நோட்டு. அதில் நீலப் பேனாவால் கோடு போட்டு ஐந்து கட்டங்கள்: பாட்டு, படம், ஆண்டு, பாடியவர், இசை. வானொலியில் பாட்டு தொடங்கிய மறுநொடி எழுதத் தொடங்குகிறார். ஏற்கெனவே எழுதிய பாட்டு என்றால் பழைய வரிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடு மட்டும். சில பாட்டுக்குக் கோடுகள் பக்கத்தின் ஓரம்வரை வந்து, திரும்பி அடுத்த வரியில் தொடர்கின்றன. வீட்டில் இதே போல் நோட்டுகள் அலமாரி நிறைய இருப்பதாகச் சொல்கிறார். எதற்கு என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

எதிர்மேசைக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இவர் நோட்டு வைப்பதில்லை, எல்லாம் மனத்தில். இருவருக்கும் தினசரி வழக்கு. பத்துமலை முருகனைப் பாடும் பாட்டு வந்த 'வருவான் வடிவேலன்' எந்த ஆண்டு? வாத்தியார் 1979 என்கிறார். "ப்ரியா படம் வந்த வருசம்தான், வாத்தியாரே. அடுத்த வருசம் இல்ல" என்று நோட்டு திறக்கிறது. நோட்டு சொல்வதுதான் சரி, 1978. வாத்தியார் அதை ஒப்புக்கொள்ளாமல் ரொட்டிக்கு இன்னொரு கரண்டி குழம்பு கேட்கிறார்.

சென்னையில் பாட்டைப் பற்றி இப்படிச் சண்டை போடுகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே பாட்டு வீதியெங்கும் கொட்டிக் கிடக்கிறது, தவறவிட்டால் நட்டமில்லை. லாரி ஓட்டுநர் வளர்ந்தது செம்மோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், யாரோ ஒருவர் வீட்டில்தான் வானொலிப் பெட்டி. பாட்டு ஒருமுறை போனால் மறுபடி எப்போது வருமோ. அந்தப் பதைப்பு ஆளை விடவில்லை, பாட்டெல்லாம் கைப்பேசியில் வந்த பிறகும்.

புந்தோங்

ஈப்போவின் மேற்கு ஓரத்தில் புந்தோங். அதற்குள் ஒரு குடியிருப்பை ஊரே கச்சாங் பூத்தே கம்பம் என்று அழைக்கிறது; கம்பம் என்றால் இங்கே கிராமம். தெருவுக்குள் நுழையும் முன்பே கடலைமாவும் எண்ணெயும் மிளகாய்த்தூளும் கலந்த வாசனை எதிரே வந்துவிடுகிறது. முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா, வறுத்த கடலை, பட்டாணி, மரவள்ளி வற்றல். வீட்டுக்கு வீடு ஒரு தொழிற்கூடம், வாசலில் கடை.

இந்தக் குடும்பங்களின் முன்னோர் எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பாரதி பிறந்த ஊர். 1940-களில் இங்கே குடியேறி, பலகாரத்தைப் பலகைத் தட்டில் அடுக்கித் தலையில் சுமந்து, சினிமாக் கொட்டகை வாசலில் காகிதக் கூம்பில் கட்டி விற்றார்கள். பெயர் மலாய் மொழியில் நிலைத்தது; பக்குவம் கரிசல் காட்டுடையது. தட்டு போய் சைக்கிள் வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது, இப்போது தாள் ஒட்டிய பொட்டலங்கள் பேரங்காடிகளுக்குப் போகின்றன.

ஒரு கூடத்தில் ஐந்து பெண்கள். இரும்புச் சட்டியின் விட்டம் கை விரித்த அகலம். முறுக்கு பிழிகிற அக்கா அச்சைச் சுழற்றும்போது மணிக்கட்டு மட்டும்தான் அசைகிறது. எண்ணெயைப் பார்ப்பதே இல்லை. கண் சுவரில் இருக்கும் வானொலி மேல். காரணம், புதிர்ப் போட்டி. குறளில் பாதி சொன்னால் மீதி சொல்ல வேண்டும், அல்லது பழமொழியை முடிக்க வேண்டும். விடை தெரிந்தவர் தொலைபேசியில் அழைக்கலாம். அக்காவின் கைப்பேசி ஞெகிழிப் பைக்குள் சுற்றி, மாவுக்கறை படாமல், இடுப்பில். ஆறாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டவர். குறளை எங்கே கற்றார் என்றால் வானொலியைக் காட்டுகிறார். "முறுக்கு கருகினாலும் பரவால்ல, லைன் கெடச்சா விடமாட்டா" என்று பக்கத்தில் ஓமப்பொடி அள்ளுகிறவர் போட்டுக்கொடுக்கிறார். அக்கா மறுக்கவில்லை.

கையில் திணிக்கப்பட்ட சூடான முறுக்கு நெல்லைச் சீமையில் கிடைப்பதைவிடக் காரம் கூடுதல், உப்பு ஒரு சிட்டிகை குறைவு. எட்டயபுரத்தார் கோபித்துக்கொள்ளக் கூடாது: இதுவே மேல்.

சுங்கை சிப்புட்

வடக்கே அரைமணி நேரம் போனால் சுங்கை சிப்புட். ஒரு பெரிய தெரு, சில குறுக்குத் தெருக்கள், சனிக்கிழமைக் கூட்டம். ஆனால் மலேசியத் தமிழர் வரலாற்றில் இந்தச் சிற்றூர் எடுத்துக்கொள்ளும் பக்கங்கள் அதன் பரப்புக்குப் பொருத்தமில்லாத அளவு அதிகம்.

துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர் இது, 1919-ல். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர். மகாத்மா காந்தி கலாசாலையை இங்கே எழுப்பினார். 1954-ல் அதைத் திறந்துவைத்தவர் விஜயலட்சுமி பண்டிட். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்க, தொழிலாளர்கள் வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்தார்கள். தோட்டத் துண்டாடல் என்று இன்றும் பெரியவர்கள் அதைப் புயல் அடித்த வருடம் போலத்தான் குறிப்பிடுகிறார்கள். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் ஆளுக்குப் பத்து வெள்ளி என்று சேர்த்து, 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டுகிறவர்களின் காசில் தோட்டங்களே வாங்கப்பட்டன.

அவருக்குப் பின் இந்தத் தொகுதியை 1974 முதல் 2008 வரை வைத்திருந்தவர் ச. சாமிவேலு. அவரைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி உண்டு, இரண்டும் சத்தமாகப் பேசும். இரண்டு கட்சியும் ஒத்துப்போகும் ஒரே இடம் அவருடைய குரல். தோட்டத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, பேருந்து நடத்துநராகவும் அலுவலகப் பையனாகவும் வேலை பார்த்து, கட்டடக் கலைஞரான அவர், அரசியலில் உயரும் முன் வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். அமைச்சர் பேசும்போது செய்தியறிக்கை கேட்பது போலிருக்கும் என்று முடிதிருத்தும் கடையில் ஒருவர் சொல்ல, கத்தரிக்கோல் பிடித்தவர் உடனே குரலை மாற்றி நடித்துக் காட்டுகிறார். நன்றாகவே நடிக்கிறார். ஒரு காலத்தில் தோட்டத்துத் திருவிழா நாடகங்களில் இராஜபார்ட்டாம்.

இப்படி ஆள் ஆளுக்கு ஏதோ ஒன்று. பகலில் டயர் கடை, இரவில் உறுமி மேளம். பேரன் எடுத்த பிறகு சிலம்பம் கற்க ஆரம்பித்தவர். துருப்பிடித்த ராலே சைக்கிளை வாங்கி, மணி முதல் மண்காப்புவரை தேய்த்துப் பளபளப்பாக்கி, ஓட்டாமல் வைத்திருப்பவர். இந்த வயதில் இதென்ன என்று வீட்டில் கேட்பார்கள். வானொலியில் கேட்கமாட்டார்கள்; அங்கே "அப்படியா, சொல்லுங்க ஐயா" என்பார்கள். அழைப்பு நிகழ்ச்சிகளின் பாதிச் சுவை இந்த மனிதர்கள்தான். ஒருவர் பாட்டுக் கேட்க வருவார். பேச்சு எப்படியோ அவர் வளர்க்கும் சண்டைச்சேவலின் தீனிக்குப் போய்விடும்.

வானொலியில் சிற்றூர்க் கதை சொல்வதற்கு உலகில் பேர்பெற்ற உதாரணம் அமெரிக்காவின் கேரிசன் கீலர். மின்னசோட்டாவில் 1974-ல் தொடங்கிய தன் நிகழ்ச்சியில் லேக் வோபிகான் என்ற ஊரின் செய்திகளை வாரந்தோறும் சொன்னார். அப்படியோர் ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை. தமிழில் நமக்குச் சொந்தமாக ஒரு சாதனை உண்டு: சிங்கப்பூர் வானொலியில் பி. கிருஷ்ணன் எழுதி 1969-ல் வரத் தொடங்கிய 'அடுக்குவீட்டு அண்ணாசாமி'. கம்பத்து வீடுகளை விட்டு அடுக்குமாடிக்கு மாறிய தமிழ்க் குடும்பங்களின் அல்லல்களை வாராவாரம் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன தொடர். இந்த ஊர்களெல்லாம் இருக்கும் பேராக் மாநிலத்தில் நடப்பது இந்த இரண்டிலும் சேராது. இங்கே கதை எழுதுபவர் எவரும் இல்லை. ஊர்கள் உண்மையானவை. ஆனால் அவற்றில் பல இன்று வரைபடத்தில் தேடினால் அகப்படாது. கீலரின் ஊர் ஒருவர் வாயில் பிறந்தது. இந்தத் தோட்டங்கள் பலர் வாயில் பிழைத்துக் கிடக்கின்றன.

எல்பில் தோட்டம்

ஊருக்குக் கிழக்கே எல்பில். சாலையின் இருபுறமும் செம்பனை. ரப்பர்க் காட்டில் வெயில் சல்லடை போட்டு இறங்கும், தூரத்தில் ஆள் வருவது தெரியும் என்று பழையவர்கள் சொல்கிறார்கள். செம்பனைக்குள் பகலிலும் மங்கல்தான்.

1948 ஜூன் 16 காலை எட்டரை மணியளவில் எல்பில் தோட்ட அலுவலகத்துக்குள் நுழைந்த கம்யூனிஸ்டுகள் மேலாளர் ஆர்தர் வாக்கரைச் சுட்டுக் கொன்றார்கள். சற்று நேரத்தில் பக்கத்துப் பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் என்ற இரு துரைகள். அவசரகாலம் பிறந்தது, 1960 ஜூலை 31 வரை பன்னிரண்டு ஆண்டுகள் நீண்டது. பள்ளிப் புத்தகங்கள் இந்த இடத்தில் துப்பாக்கியோடு நிறுத்திக்கொள்ளும். அந்தத் துப்பாக்கிக்கும் முறுக்கு அக்காவின் குறளுக்கும் ஒரு தொடர்பு உண்டு.

காட்டுக்குள் இருந்தவர்களின் பிரசாரத்துக்கு எதிர்ப் பிரசாரம் வேண்டும் என்று அரசு கருதியது. 1950-ல் லண்டனிலிருந்து ஹியூ கார்ல்டன் கிரீன் வந்தார். நாவலாசிரியர் கிரஹாம் கிரீனின் தம்பி, பின்னாளில் பி.பி.சி.யின் தலைமை இயக்குநர். ஒலிபரப்பாளர் அலெக்ஸ் ஜோசியின் பொறுப்பில், படிப்பறிவு குறைந்தவர்களுக்காகக் கூட்டமாக அமர்ந்து கேட்கும் நிகழ்ச்சிகள் உருவாயின. புதுக்கிராமங்களுக்கும் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் மின்கல வானொலிப் பெட்டிகள் போயின. மின்சாரம் வராத லயங்களுக்குத் தமிழ்க் குரல் வந்தது. அனுப்பியவர்கள் எதிர்பார்த்தது சரணடையும் கொரில்லாக்களை. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்டுக்கொண்டது பாட்டையும் நாடகத்தையும்.

ஒரு தற்செயல்: இந்தக் கொலைகளுக்குச் சரியாகப் பத்தாண்டு முன், 1938 ஜூன் 16 அன்றுதான் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. அங்கும் வானொலி வெறும் பாட்டோடு நிற்கவில்லை. 1960-களில் தஞ்சை உழவர்கள் வானொலி கேட்டுப் பயிரிட்ட ஏடிடி 27 ரகத்துக்கு ரேடியோ நெல் என்றே பெயர். ஆனால் தஞ்சை உழவரின் வயல் அவர் காலடியில் இருந்தது. இங்கே நிலம் ஒருபோதும் கேட்பவருடையதாக இல்லை. பெரட்டுக் களத்தில் விடியும் முன் பெயர் கூப்பிட்டால் "வந்தேன்" என்று சொல்வதுதான் அவருக்கு இருந்த பதிவு. வேலை போனால் வீடும் போகும்.

போனது. ரப்பர் விலை சரியச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவு போதும். பின்னர் வந்த ஆட்களும் வங்காளதேசம், இந்தோனேசியாவிலிருந்து. லயங்கள் இடிக்கப்பட்டுக் குடும்பங்கள் பட்டணத்து ஓரத் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் சிதறின. பல இடங்களில் மிஞ்சியது கோயில், அல்லது பள்ளி. எல்பில் பெயரில் தமிழ்ப்பள்ளி இன்றும் உண்டு. ஆண்டுத் திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ கார்கள் வந்து செம்பனைக்கு நடுவே வரிசையாக நிற்கும். மறுநாள் குரும்பை விழும் சத்தம் மட்டும் என்கிறார் காவலுக்கு இருக்கும் நேப்பாளி, மலாயில்.

கோலகங்சார்

அரச நகரம். பொன் குவிமாட மசூதி, பேராக் ஆறு, கரையில் லக்ஸா கடைகள். மாவட்ட நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1877-ல் சர் ஹியூ லோ இங்கே நட்ட ஆரம்பக் கன்றுகளில் எஞ்சியதாகச் சொல்லப்படும் மரம். இது வேர்பிடித்ததால்தான் தஞ்சையிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆட்கள் கப்பல் ஏறினார்கள். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

ஆற்றங்கரைக் கடையில் லக்ஸா கிண்ணத்தின் முன் ஒரு மனிதர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அறுபத்தைந்து வயதிருக்கும், பாதுகாவலர் சீருடை, பணி முடிந்து பொத்தான்கள் கழற்றியபடி. மனைவி எதிரே. கைப்பேசியில் மணி போகிறது, துண்டிக்கிறது, மறுபடி அழுத்துகிறார். "ஒவ்வொரு வாரமும் இதே கூத்து" என்று அந்த அம்மா பொதுவாகச் சொல்கிறார். இன்று அவர்களுக்குத் திருமண நாள்.

இணைப்பு கிடைத்துவிட்டது. எழுந்து நிற்கிறார். பெயரைச் சொல்கிறார். எங்கிருந்து பேசறீங்க ஐயா என்று அறிவிப்பாளர் கேட்க, தான் பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொல்கிறார். அது எந்தப் பக்கம் என்று இளங்குரல் தெரியாமல் கேட்டுவிடுகிறது.

அவ்வளவுதான். ஆறு தாண்டி இடதுபுறம் திரும்ப வேண்டும், முதலில் பால் ஸ்டோர் வரும், அதற்கு எதிரே ஆயாக் கொட்டகை, அதையொட்டி மாரியம்மன் கோயில், கோயிலுக்குப் பின்னே மூன்றாவது லயம், ஆறாம் நம்பர் வீடு, வாசலில் ரம்புத்தான் மரம், அந்த மரத்தடியில்தான் பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பாய் விரித்தது என்று விரல் நீட்டி வழி காட்டுகிறார். நீட்டிய விரல் லக்ஸா கடையின் குளிர்பெட்டியைக் காட்டுகிறது. அந்த அம்மா, "மரம் ரம்புத்தான் இல்ல, டுக்கு" என்று திருத்துகிறார், அதுவும் ஒலிபரப்பாகிறது. சிறு வாக்குவாதம். அறிவிப்பாளர் சிரித்து, வாழ்த்தி, அவர்கள் கேட்ட பாட்டைப் போட, முதல் சரணம் முடிவதற்குள் மணி பத்தாகிவிடுகிறது. செய்திகள்.

"பாட்டத்தான் முழுசா கேக்க முடியல" என்கிறார் கடைக்காரர், இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டே. மனிதர் உட்கார்ந்து, லக்ஸாவைக் கிளறி, "டுக்கு மரம் ஏழாம் நம்பர் வீட்டுல இருந்துச்சு" என்கிறார் மனைவியிடம்.